வள்ளலுக்கு வாங்கிய பொன்னாடை

கடைக்காரியைத் திட்டுவது சுலபம். கொம்பனி எந்தத் தெருவில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. கடைக்காரி மட்டும் அரிசி மூட்டைக்கும் பணப்பெட்டிக்கும் நடுவில் எந்நேரமும் நின்றபடி இருப்பாள். வெஸ்ட்மீட் ஸ்டேஷனுக்குக் கிட்ட நானும் இவரும் பலசரக்குக் கடை நடத்திய காலத்தில் நான் கேட்ட பேச்சில் பாதிக்கு மேல் நான் செய்யாத பிழைக்குத்தான். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து சிட்னிக்கு வந்து, இவர் ஒரு தொழிற்சாலையிலும் நான் ஒரு துணிக்கடையிலும் வேலை செய்து போட்ட கடை அது. வீடு நார்த்மீட்டில். அரிசி, பருப்பு, ஒடியல் மா, கருவாடு, கற்பூரம் எல்லாம் விற்றோம். எல்லாவற்றையும்விட வேகமாகப் போனது போன் கார்ட்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்குப் போன் கார்ட் என்றால் விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது. சின்ன மட்டை. பின்பக்கத்தைச் சுரண்டினால் ஒரு நீண்ட இலக்கம் தெரியும். போனில் அந்த இலக்கத்தை அழுத்தினால் கொழும்புக்கும் சென்னைக்கும் மலிவாகக் கதைக்கலாம். ஒரு கிழமை கறி இல்லாமல் இருக்கிற வீடுகூட கார்ட் இல்லாமல் இருக்காது. எங்கள் கடையில் நன்றாக விற்ற கார்ட்டின் முகப்பில் ஒரு பனைமரம் நின்றது. பக்கத்து வியட்நாம் கடைக்கு அதே கொம்பனி தாமரைப்பூப் போட்டு அனுப்பும். எதிரே இருந்த லெபனான்காரரின் பேக்கரிக்கு அவர்கள் ஊர் மரம். ஆளுக்கேற்ற படம் போடத் தெரிந்த கெட்டிக்காரர்கள்.

அந்தப் பனைமரக் கார்ட்தான் என் பெயரைக் கெடுத்தது. ஒரு மணித்தியாலம் கதைக்கலாம் என்று முகப்பில் போட்டிருக்கும். ஆனால் மறுமுனையில் யாரும் எடுக்காவிட்டாலும் காசு வெட்டும், எடுத்தால் எடுத்ததற்கு ஒரு வெட்டு, கார்ட் இரண்டு நாள் மேசையில் சும்மா கிடந்தால் அதற்கும் ஒரு வெட்டு. "அக்கா, அம்மாகிட்ட பேசிட்டிருக்கும்போதே கட் ஆயிடுச்சு. நீங்க பழைய கார்டு குடுத்துட்டீங்களா?" என்று கேட்டான் சென்னையிலிருந்து வந்து கம்ப்யூட்டர் வேலை செய்த ஒரு பிள்ளை. எங்கள் ஊர் அங்கிள் ஒருவர் அவ்வளவு மரியாதையாகக் கேட்கவில்லை. "கள்ளக் கார்ட் விக்கிறாய் பிள்ளை, கடவுள் பாத்துக்கொண்டிருக்கிறார்" என்று கடை நிறையச் சனம் நிற்கும்போது சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும். அன்று முழுக்க அது ஆறவில்லை.

நானே ஒரு கார்ட்டைச் சுரண்டிக் கொழும்பில் இருந்த தங்கைக்குப் போன் எடுத்தேன். அவள் என்ன சமையல் என்று கேட்டு, தன் மகளின் கலியாணப் பேச்சைத் தொடங்கியதும் லைன் செத்துப் போனது. அந்த மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறான் என்று தெரிய எனக்கு அடுத்த கார்ட் தேவைப்பட்டது.

எனக்குப் போனது பெயர்தான். வில்லாவுட்டில் ஒருவருக்குக் குடும்பமே கைவிட்டுப் போகப் பார்த்தது.

வில்லாவுட்டில் குடிவரவுத் தடுப்பு முகாம் இருக்கிறது. படகில் வந்தவர்கள், விசா முடிந்தவர்கள் என்று எங்கள் ஆட்களும் அங்கே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலு பெண்கள் ஒரு காரில் இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு பார்க்கப் போவோம். சாப்பாட்டைவிட அவர்கள் ஆவலாகக் கேட்டது கார்ட்டைத்தான். அவர்களில் மன்னார்ப் பக்கத்து மீனவர் ஒருவர், முப்பது வயது இருக்கும், மனைவியும் சின்ன மகளும் வவுனியாவில். ஒரு ஞாயிறு அவர் இடியப்பத்தைத் தொடவேயில்லை.

"அன்ரி, அவ இனிமேல் போனுக்கு வரமாட்டாவாம்" என்றார்.

விசயம் இதுதான். மனைவியிடம் போன் இல்லை. சொல்லிவைத்த நேரத்துக்குச் சந்தியில் உள்ள கொமினிகேஷன் கடைக்கு நடந்துவந்து காத்திருப்பாள். இவர் எடுப்பார். எங்கள் சனம் கதைக்கிற முறை எல்லாருக்கும் தெரியும். முதலில் சுகம் விசாரிக்க வேண்டும். பிறகு பிள்ளை, மாமியின் முழங்கால், மழை, சாமான் விலை. உள்ள விசயம் எப்போதும் எழும்பிப் போகிற நேரத்தில், வாசலில் செருப்பைப் போடும்போதுதான் வரும். இவளும் அப்படித்தான் கடைசியில் கேட்பாள்: "எப்ப எங்களைக் கூப்பிடுவியள்?" அந்த நேரத்துக்குக் கார்ட் முடிந்துவிடும். ஒருதரம் என்றால் பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வியோடு லைன் அறுந்தால் எந்தப் பெண் நம்புவாள்? மனிதர் வேண்டுமென்றே போனை வைத்துவிடுகிறார் என்று முடிவெடுத்துவிட்டாள்.

நான் சும்மா இருக்கிறவள் இல்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் வீட்டுப் போனிலிருந்தே அந்த வவுனியாக் கடைக்கு எடுத்து, அவளைக் கூப்பிட்டுவரச் சொல்லிக் கதைத்தேன்.

"பிள்ளை, அவர் வைக்கேல்ல. கார்ட்தான் முடிஞ்சது" என்றேன்.

"அன்ரி, நான் அந்தக் கேள்வியைக் கேக்கேக்கை மட்டும் முடியிற கார்ட் எந்தக் கடையில விக்குது?" என்று கேட்டாள்.

என் கடையில்தான் விற்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

நல்ல கார்ட் கிடையாதா என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தது, விலை கூட. நாங்கள் வாங்கிக் கொடுத்தும் இருக்கிறோம். ஆனால் அந்த முகாமில் ஒரு கார்ட் ஒருவருக்குச் சொந்தமில்லை. ஒருவர் சுரண்டினால் பின்னால் ஒரு வரிசை நிற்கும், ஆளுக்குக் கொஞ்சம் என்று பிரித்துத்தான் கதைப்பார்கள். அங்கிருந்த எல்லாருக்கும் போதுமான அளவு நல்ல கார்ட் கிடைத்தால்தான் ஒருவர் ஆறுதலாகக் கதைக்க முடியும். அதற்கு எங்கள் நாலு பேரின் கைப்பைகள் போதாது.

ஆகவே வாடிக்கையாளர்களுக்காக இருக்கிற அரசாங்க அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதினேன். பழைய கார்ட்டுகள் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று கடையில் எழுதி ஒட்டினேன். எங்கள் சனம் ஒன்றையும் எறியாது என்று எனக்குத் தெரியும். தேவாரப் புத்தகத்துக்குள் அடையாளம் வைத்தது, தோசைக்கல் சுரண்டியது, குளிர்காலக் காலையில் கார்க் கண்ணாடியில் படிந்த உறைபனி வழித்தது என்று ஒரு பெட்டி நிறைய வந்து சேர்ந்தது. அலுவலகத்திலிருந்து ஓர் இளம் பெண் அதிகாரி வந்தாள், கிரேக்கக் குடும்பத்துப் பிள்ளை. பெட்டியைத் திறந்து பார்த்து, எது எதைச் சுரண்டியதென்று நான் சொல்லச் சிரித்தாள். "என் அம்மாவும் இதால்தான் தோசை... இல்லை, எங்கள் வீட்டில் அடுப்பு சுரண்டுவார்" என்றாள். என் கடையில் தோசைமா வாங்கிப் போகத் தொடங்கியதும் அன்றுதான்.

வியட்நாம் கடையும் பேக்கரியும்கூட எழுதியிருந்தார்கள். சில மாதங்களில் அவள் ஒரு செய்தியோடு வந்தாள். கொம்பனி வழக்குக்குப் போகாமல் இறங்கி வந்துவிட்டதாம். கார்ட்டைத் திருத்துவோம், எவ்வளவு வெட்டுகிறோம் என்பதைப் பின்பக்கத்தில் பெரிதாகப் போடுவோம், இதுவரை எடுத்ததற்கு ஒரு தொகை கட்டுவோம் என்று அரசாங்கத்துக்குக் கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"அப்படியென்றால் என் வாடிக்கையாளர்களுக்குக் காசு திரும்ப வருமா?" என்று கேட்டேன்.

"யார் வாங்கினார்கள் என்று யாருக்குத் தெரியும்? கைக்காசு கொடுத்து வாங்கிய கார்ட். அதனால் அந்தந்தச் சமூகத்துக்கு உதவி செய்கிற அமைப்புகளுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம்."

முதலில் எனக்கு அது பிடிக்கவே இல்லை. என் வீட்டில் திருடியவனைப் பிடித்து, திருடியதைக் கோயிலுக்குக் கொடு என்று சொன்ன மாதிரி இருந்தது. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். அவள் கோபிக்கவில்லை. "சரி, கோயிலைத் தெரிவு செய்ய உதவுங்கள். இந்தக் கார்ட்டால் உங்கள் ஆட்களில் அதிகம் அடிபட்டது யார்?" என்று கேட்டாள். அதற்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. வில்லாவுட் என்றேன்.

ஒரு சிக்கல்தான். காசை வாங்குவதற்குப் பதிவு செய்த அமைப்பு வேண்டும். எங்கள் நாலு பேருக்கு இருந்தது ஒரு காரும் ஒரு இடியப்பப் பெட்டியும். இரண்டு தமிழர் சேர்ந்தால் மூன்று சங்கம் என்பார்கள், சிட்னியில் சங்கத்துக்கா பஞ்சம்? அதில் கொஞ்சம் ஒழுங்கான ஒன்றைப் பிடித்தேன். தலைவர் ஓய்வுபெற்ற எஞ்சினியர், நல்ல மனிதர், கூட்டம் கூட்டாமல் மட்டும் இருக்கமாட்டார். சங்கம் காசை வாங்கி முகாமில் இருப்பவர்களுக்கு நல்ல கார்ட் வாங்கிக் கொடுக்கும் என்று ஏற்பாடானது. அதிகாரி ஒரு நிபந்தனையை எல்லார் முன்னாலும் சொன்னாள். கொம்பனி இதைத் தன் தர்மமாகக் காட்டக்கூடாது. எங்கே இதைப் பற்றிச் சொன்னாலும், தவறுக்காக அரசாங்கத்துக்குக் கொடுத்த வாக்குறுதியின்படி கட்டுகிற காசு என்றுதான் சொல்ல வேண்டும். தலைவர் "ஷுவர், ஷுவர்" என்று தலையாட்டினார்.

இரண்டு கிழமை கழித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டும்படி ஓர் அழைப்பிதழ் வந்தது. தங்கக் கரை போட்ட தடித்த தாள். சங்கத்தின் சிறப்பு விழா, மங்கல விளக்கு, வரவேற்பு நடனம். பிரதம விருந்தினர்: அந்தப் போன் கார்ட் கொம்பனியின் மனேஜர். அவருடைய பெயருக்கு முன்னால் "கொடை வள்ளல்" என்று போட்டிருந்தது. கீழே, பொன்னாடை போர்த்திக் கௌரவித்தல்.

என் மூக்கு எப்படி இருந்ததென்று இவரைக் கேட்டால் சொல்லுவார். கடையை இவரிடம் விட்டுவிட்டு நேரே தலைவரின் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணை, உதென்ன கொடை வள்ளல்?"

"ஏன் தங்கச்சி, எழுத்துப் பிழையே? காசு தாற மனிசனைச் சும்மா மிஸ்டர் எண்டு போடேலுமே?"

"அவர் தரேல்ல. அரசாங்கம் கழுத்தில பிடிச்சு வாங்குது. அது எங்கட சனத்தின்ர காசு."

"ஆற்ற காசெண்டாலும் தாற கை அவற்ர கைதானே. வாங்கிப்போட்டு ஒரு மரியாதை செய்யாட்டி வெள்ளைக்காரன் எங்களைப் பற்றி என்ன நினைப்பான்?"

"களவெடுத்தவன் திருப்பித் தந்தா ஆலாத்தி எடுப்பியளோ?"

தலைவர் முகம் சுருங்கியது. உண்மையாகவே அவருக்கு நொந்துவிட்டது. "நான் என்ர வீட்டுக்கே கேக்கிறன்? மனிசன் சந்தோசப்பட்டா அடுத்த வருசமும் வில்லாவுட் பொடியளுக்குத் தருவார். பொன்னாடை சென்னையிலயிருந்து எடுப்பிச்சது" என்றார். உலகத்தில் காசு கொடுக்கிறவன் எல்லாம் வள்ளல், வாங்குகிற நாங்கள் எழும்பி நின்று கைதட்ட வேண்டும் என்பது அவருடைய இரத்தத்தில் ஊறியது. அவருடையது என்ன, எங்கள் எல்லாருடையதும்தான். காசு எங்கிருந்து வருகிறதென்று கேட்கத்தான் எங்களுக்குக் கூச்சம்.

கடைக்குத் திரும்பியபோது அதிகாரி போனில் நின்றாள். அவளுக்கும் ஓர் அழைப்பிதழ் போயிருந்தது. அலுவலகத்தில் அதை மொழிபெயர்ப்பித்திருந்தார்கள். "யார் இந்த மகத்தான கொடையாளி?" என்று கேட்டாள், குரலில் சிரிப்பு இல்லை. கொம்பனி இதைக் கொடையாக ஏற்றுக்கொண்டு மேடையில் நின்றால் நிபந்தனை மீறல், உங்கள் பங்கை வேறு அமைப்புக்கு மாற்றச் சொல்லி எங்களுக்கு மேலிடத்திலிருந்து வரும், நான் தடுக்க முடியாது என்றாள். விழாவுக்கு அவளும் வரப்போகிறாளாம்.

திரும்பவும் தலைவரிடம் ஓடினேன். காசு போகும் என்றதும் அவர் பயந்தார். ஆனாலும் ஒரு விசயத்தில் அசையவில்லை. "வாங்கோ எண்டு சொல்லிப்போட்டு வரவேண்டாம் எண்டு சொல்லேலாது தங்கச்சி. அது மட்டும் என்னால ஏலாது." அதை மட்டும் என்னாலும் மறுக்க முடியவில்லை. வருந்தி அழைத்த விருந்தாளியை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்புகிற சாதியில்லை நாங்கள்.

"அப்ப வரட்டும். வாற ஆளை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன்.

விழா ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். தலைவர் கையில் பொன்னாடைப் பையோடு அங்குமிங்கும் நடந்தார். அதிகாரி பின்வரிசையில் ஒரு கதிரையில் போய் உட்கார்ந்தாள். நான் நல்ல காஞ்சிபுரம் கட்டி, வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற பெண்பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். மனேஜர் நேரத்துக்கு முன்பே தனியாக வந்தார். செத்த வீட்டுக்கு வந்தவர் போலக் கறுப்புச் சூட். பன்னீர் தெளிக்க விடாமல் ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

"இன்றைக்கு உங்களை மேடையில் ஏற்றி வள்ளல் என்று சொல்லப் போகிறார்கள். நீங்கள் தலையாட்டினால் இந்தக் காசு எங்களுக்குக் கிடைக்காது" என்று ஆங்கிலத்தில் நேரடியாகவே சொன்னேன்.

அவர் குழம்பிப் போனார். "நான் இங்கே வர வேண்டும் என்பது தண்டனையில் ஒரு பகுதி இல்லையா? உங்கள் கடிதத்தில் பெரிய முத்திரை இருந்ததே!"

எனக்கு வந்த சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பு தேவைப்பட்டது. எங்கள் சங்கத்தின் முத்திரையைப் பார்த்து அரசாங்கம்தான் கூப்பிடுகிறதென்று பயந்து வந்திருக்கிறார் மனிதர். தலைவர் மரியாதை செய்யக் காத்திருக்கிறார், இவர் தண்டனை வாங்க வந்திருக்கிறார். இரண்டு பேரில் இவருக்குத்தான் விசயம் சரியாக விளங்கியிருக்கிறது என்று நினைத்தேன்.

"வந்தது நல்லதாகப் போயிற்று. கையெழுத்து வைத்துக் கொடுத்ததில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் சொல்லுங்கள். நான் தமிழில் சொல்லுகிறேன்" என்றேன். அவர் கழுத்துப் பட்டியைச் சரிசெய்தார். பிறகு சரி என்றார்.

விளக்கேற்றி, நடனம் முடிந்து, அவரைக் கூப்பிட்டார்கள். அறிவிப்பாளரிடமிருந்து நான் மைக்கை வாங்கிவிட்டேன். மனேஜர் நீட்டவில்லை. இது எங்கள் நன்கொடை இல்லை, எங்கள் கார்ட் சொன்ன நேரத்தைத் தரவில்லை, சொல்லாமல் காசு வெட்டினோம், அது பிழை என்று ஏற்றுக்கொண்டு அரசாங்கத்துக்கு வாக்குக் கொடுத்தோம், அந்தப்படி கட்டுகிற காசு இது என்றார். நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். கடைசியில் மட்டும் என்னுடையதாக ஒன்று சேர்த்தேன். "இது உங்கட காசு. உங்கட காசு இப்ப வில்லாவுட்டுக்குப் போகுது. வள்ளல் ஆர் எண்டால், இந்தக் கதிரையளில இருக்கிற நீங்கள்தான்."

கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று என்னைத் திட்டிய அங்கிள் எழும்பினார். "அப்ப பிள்ளை விக்கேல்லையோ கள்ளக் கார்ட்?" என்று உரத்துக் கேட்டார். சனம் சிரித்துக் கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. அத்தனை பேர் முன்னால் போன பெயர் அத்தனை பேர் முன்னால் திரும்பி வந்தது.

தலைவர்தான் பாவம், பொன்னாடையை விரித்தபடி நின்றார். மனேஜர் பின்வாங்கினார். உடனே தலைவர் பின்வரிசைக்கு நடந்து அதிகாரிக்குப் போர்த்தப் போனார். அரசாங்க உத்தியோகத்தர் பரிசு வாங்கக்கூடாதாம், அவள் பாம்பைக் கண்டவள் போலத் துள்ளி எழும்பினாள். கடைசியில் அதை மடித்துப் பைக்குள் வைத்தார். அடுத்த வருடம் வேறொருவரின் தோளில் அதே கரையைப் பார்த்தேன்.

காசு வந்தது. எங்கள் கார் வில்லாவுட்டுக்கு இடியப்பத்தோடு ஒரு பெட்டி நல்ல கார்ட்டும் கொண்டுபோனது. வரிசையில் நின்று பிரித்துக் கதைக்க வேண்டிய தேவை அன்றோடு போனது. நான் மறுபடி வவுனியாக் கடைக்கு எடுத்து, கடைசியாக ஒருதரம் போனுக்கு வா என்று அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். கேள்வியைக் கேட்டுவிட்டுப் போகத்தான் வருகிறேன் என்று பதில் வந்தது.

அடுத்த ஞாயிறு அந்த மன்னார்க்காரர் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

"கதைச்சியளோ?" என்றேன்.

"ஓம் அன்ரி. எல்லாம் கதைச்சு முடிய, அவ கேட்டா. நான் வழக்கம்போல லைன் அறுமெண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அது அறேல்ல."

அவர் எனக்குக் கிட்டக் குனிந்தார்.

"உண்மையைச் சொல்லுறன் அன்ரி. நானே வைச்சுப்போடுவமோ எண்டு யோசிச்சனான். இவ்வளவு நாளும் அந்தக் கார்ட்தான் என்னைக் காப்பாத்தினது. என்னட்ட என்ன பதில் இருக்கு? எப்ப வெளியில விடுவாங்கள் எண்டு எனக்கே தெரியாது. அதைத்தான் சொன்னன், தெரியாது எண்டு. அவ அழுதா. அழுது முடியும்வரைக்கும் நான் லைனில நிண்டனான்."

"பிறகு?"

"பிறகு, தெரியாதெண்டு சொல்ல உங்களுக்கு இவ்வளவு நாளோ எண்டு கேட்டா. நாளைக்கும் இதே நேரம் வருவன், எடுங்கோ எண்டா." அவர் இடியப்பப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். "அதுக்குப் பிறகு அவதான் அன்ரி, முதல்ல வைச்சவ."